கரன்ட் வந்ததும் தானாக ஓடிய டிரில்லிங் மெஷின்: எங்கள் பட்டறையில் ஆறு வார வேலை

பிற்பகல் 3 மணி வாக்கில் கரன்ட் போனது. சத்தம் அடங்கியதும் ஆளாளுக்குத் தண்ணீர் பாட்டிலைத் தேடிப் போனார்கள். பெஞ்ச் டிரில்லிங் மெஷினில் நின்ற ஹெல்பர் பையன் மட்டும், சும்மா இருக்கும் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று துளை போடும் பிட்டைச் சுற்றிக் கிடந்த இரும்புச் சுருளைக் கையால் இழுத்து எடுத்துக்கொண்டிருந்தான். மெஷின் ஸ்விட்ச் ஆனிலேயே இருந்தது. நான்கைந்து நிமிடத்தில் கரன்ட் வந்தது. மெஷின் ஓடியது.

சுருள் அவனுடைய கையுறையின் விரலைப் பிடித்துப் பிட்டோடு சேர்த்துச் சுற்றிவிட்டது. அது அவன் கைக்கு இரண்டு சைஸ் பெரிய நூல் கையுறை. அதனால் கழன்றது, கை வெளியே வந்துவிட்டது. ஒரு விரலில் தோல் உரிந்து நகக்கண்ணில் ரத்தம், அவ்வளவுதான். சரியான சைஸ் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். தூக்கம் வரவில்லை.

அவனை ஊசி போட அனுப்பிவிட்டு மெஷினருகே வந்தேன். பிட்டில் கையுறை கந்தலாகச் சுற்றியிருந்தது. அதற்கு நேர் மேலே சுவரில் ஒரு போர்டு: ‘பாதுகாப்பே முதன்மை. கையுறை அணிந்து வேலை செய்யவும்.’ இரண்டு வருடத்துக்கு முன் மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு நாளன்று, நானே பிளெக்ஸ் அடித்து ஒட்டியது. எல்லா மெஷினுக்கும் ஒரே வாசகம். மொத்தமாக அடித்தால் விலை குறைவு என்றார்கள்.

சுழலும் மெஷினில் கையுறை கூடாது என்பது ஐடிஐயில் முதல் மாதமே சொல்லித் தருவது. எனக்கும் சொல்லித் தந்தார்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில்கூட, ஓடும் இயந்திரத்தின் பக்கம் எண்ணெய் போடப் போகிறவர் இறுக்கமான உடை அணிந்திருக்க வேண்டும் என்று 22ஆவது பிரிவு சொன்னது. தொளதொள என்று எதுவும் அங்கே போகக் கூடாது. அதெல்லாம் தெரிந்த நான்தான் அந்தப் பையனுக்குத் தொளதொளக் கையுறையைக் கொடுத்து, போடாவிட்டால் திட்டவும் செய்திருக்கிறேன்.

முதல் வேலையாக அந்த போர்டைக் கிழித்தேன். அடுத்த ஆறு வாரம் என்னென்ன செய்தேன், எங்கெங்கே சொதப்பினேன் என்பது கீழே.

ஸ்டூல் போட்டு உட்கார்ந்தது

எங்கள் பட்டறை கோவை கணபதிப் பக்கம். பம்ப், மோட்டார் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். என்னையும் சேர்த்து 14 பேர். இரும்பைச் சுற்றவிட்டுக் கடையும் லேத் மூன்று, இரண்டு டிரில்லிங் மெஷின், இரும்பு அறுக்கும் பவர் ஹாக்சா ஒன்று, தகட்டை அழுத்தி வெட்டும் 20 டன் பிரஸ் ஒன்று, கல் சக்கரத்தில் தீட்டும் பெஞ்ச் கிரைண்டர், வெல்டிங், கம்ப்ரசர். நான் பிட்டராகச் சேர்ந்து சூப்பர்வைசர் ஆனவன். பாதுகாப்புக்கென்று தனி ஆள் வைக்கிற அளவு இடம் இல்லை இது.

முதல் நாள் நோட்டை எடுத்துக்கொண்டு ஒரே மூச்சில் பட்டறையைச் சுற்றினேன். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. எழுதியிருந்தது எல்லாம் எண்ணெய்க் கறை, குப்பை, தொங்கும் ஒயர். நோட்டோடு நடக்கிற ஆளைப் பார்த்ததும் நெற்றியில் இருந்த கண்ணாடிகள் எல்லாம் கண்ணுக்கு இறங்கிவிட்டன. அப்படிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மறுநாள் நோட்டை வைத்துவிட்டு, ஒவ்வொரு மெஷினுக்கும் எதிரே ஸ்டூல் போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தேன். முதல் பத்து நிமிடம் நடிப்பு. அதற்குமேல் யாராலும் நடிக்க முடியாது, பீஸ் கணக்கு இருக்கிறதே. அப்புறம்தான் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தது. லேத்தை ஆஃப் செய்ததும், வேலையைப் பிடித்துச் சுற்றும் ‘சக்’ என்ற தலையை உள்ளங்கையால் அழுத்தி நிறுத்துகிறார் எங்கள் மூத்த டர்னர். அதை இறுக்கும் சக் கீயைச் சக்கிலேயே விட்டுவிட்டு, அளக்கும் வெர்னியரை எடுக்கத் திரும்புகிறார். எமரித் தாளைக் கையில் சுற்றிக்கொண்டு ஷாஃப்டைப் பாலிஷ் போடுகிறார்கள். பிரஸ் ஓட்டும் அக்காவின் வலது கை தகட்டை வைக்கிறது, இடது கை பீஸை எடுக்கிறது, கால் பெடலை விட்டு இறங்குவதே இல்லை. மாலையில் எல்லோரும் ஏர் கன்னால் சட்டையை ஊதிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

இதில் ஒன்றுகூட எனக்குப் புதிதில்லை. நானும் பத்து வருடம் செய்தவைதான்.

ஆட்களிடமும் கேட்டேன். “இங்க எது ஆபத்துன்னு நினைக்கறீங்க?” என்றால் “ஒண்ணும் இல்லீங்க” என்பதுதான் பதில். குறை சொன்னால் வேலைக்குப் பிரச்சினை வருமோ என்ற பயம் ஒரு பக்கம், பழகிப்போனது ஒரு பக்கம். கேள்வியை மாற்றினேன்: “போன மாசம் எதுல ‘அய்யோ’ன்னு கையை எடுத்தீங்க?” அவ்வளவுதான், மூன்று டீ குடிக்கிற நேரம் பேச்சு ஓய்வில்லை. ஒடிசா, பிகார் பையன்கள் ஐந்து பேரிடம் பேச்சைவிடச் சைகை நன்றாக வேலை செய்தது. எங்கே கை வழுக்கியது என்று மெஷினை நிறுத்திவிட்டு நடித்துக் காட்டச் சொன்னேன். அப்போதுதான் உறைத்தது, அவர்களில் ஒருவருக்கும் என்னுடைய தமிழ் போர்டைப் படிக்கத் தெரியாது.

மார்க் போட்டது

மொத்தம் 41 விஷயம் சேர்ந்தது. பெரிய கம்பெனியில் பார்த்த ஞாபகத்தில், நடக்கும் வாய்ப்புக்கு 1 முதல் 5, நடந்தால் வரும் பாதிப்புக்கு 1 முதல் 5, இரண்டையும் பெருக்கு என்று ஒரு அட்டவணை போட்டேன். தரையில் எண்ணெய் 4 பெருக்கல் 3, அதாவது 12. பிரஸ்ஸில் கை 2 பெருக்கல் 5, அதாவது 10. எண்ணெய்க் கறை பிரஸ்ஸுக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டது. வாய்ப்பு 2 என்று எதை வைத்துப் போட்டேன்? இதுவரை நடக்கவில்லை என்பதை வைத்து. வருடக்கணக்கில் பதிவேடு வைத்திருக்கிற இடத்தில் அந்த அட்டவணைக்கு அர்த்தம் இருக்கும். எங்களிடம் இருப்பது 14 பேரின் ஞாபகம்.

அட்டவணையை மடித்து வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி வைத்துக்கொண்டேன்: போனால் திரும்ப வளருமா? தோல் வளரும், நகம் வளரும். விரல், கண், உயிர் வளராது. இந்தச் சல்லடையில் 41, ஒன்பதாகச் சுருங்கியது. முதலாளியிடம் அந்த ஒன்பதை மட்டும் கொண்டுபோனேன், கூடவே பிட்டிலிருந்து வெட்டி எடுத்த கையுறையையும். ஈஎஸ்ஐ காப்பீடு இருக்கிறதே என்றார். சிகிச்சை கிடைக்கும், உடல் ஊனத்துக்குப் பணம் கிடைக்கும், விரல் கிடைக்காதுங்க என்றேன். கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.

சரிசெய்யும் வரிசையிலும் ஒரு ஒழுங்கு உண்டு. ஆபத்தையே இல்லாமல் செய்ய முடியுமா, முடியாவிட்டால் குறைந்த ஆபத்துள்ள வேறு வழிக்கு மாற முடியுமா, அதுவும் இல்லையென்றால் மெஷினே கையைத் தடுக்கும்படி செய்ய முடியுமா, அப்புறம் சொல்லிக்கொடுப்பது, கடைசியாகத்தான் கையுறை, கண்ணாடி. நான் இரண்டு வருடம் முன்பு கடைசிப் படியிலேயே ஏறி நின்று போர்டு மாட்டியிருக்கிறேன்.

தானாக ஓடுகிற மெஷின்கள்

முதலில் ஒரு சோதனை. எல்லோரையும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, ஒவ்வொரு மெஷினாக ஓட விட்டு, பேனலில் மெயினை இறக்கி, மெஷின் முழுதாக நின்றதும் மறுபடி மெயினைத் தூக்கினேன். லேத் மூன்றும் பிரஸ்ஸும் அசையவில்லை. டிரில்லிங் இரண்டும், ஹாக்சாவும், கிரைண்டரும் சமர்த்தாகத் தாமே ஓடின. அவற்றில் இருந்தது சாதா ஸ்விட்ச். கரன்ட் போனாலும் வந்தாலும் அதன் நிலை மாறாது.

லேத் ஏன் ஓடவில்லை என்றால், அதில் டிஓஎல் (டைரக்ட் ஆன் லைன்) ஸ்டார்ட்டர் இருக்கிறது. பச்சைப் பட்டனை அழுத்தினால் உள்ளே இருக்கும் ‘காயில்’ என்ற கம்பிச்சுற்று காந்தமாகி, மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும் கான்டாக்டரை இழுக்கிறது. இழுத்ததும் கூடவே ஒரு துணைக் கான்டாக்டும் மூடிக்கொள்கிறது. பட்டனிலிருந்து விரலை எடுத்த பிறகும் அதன் வழியாகத்தான் காயிலுக்குக் கரன்ட் போகிறது. சப்ளை போனால் காயில் விட்டுவிடும், துணைக் கான்டாக்ட் திறந்துகொள்ளும். அப்புறம் சப்ளை வந்தாலும், யாராவது பச்சையை அழுத்தாத வரை காயிலுக்குக் கரன்ட் போக வழியில்லை. கரன்ட் போய்ப் போய் வருகிற ஊரில் இதைவிட மலிவான காவல்காரன் கிடையாது. ஒன்று இரண்டாயிரத்துச் சொச்சம். நான்கு வாங்கினோம்.

வாங்கும்போது காயில் வோல்ட்டைப் பார்க்க வேண்டும். எங்கள் டிரில்லிங் சிங்கிள் ஃபேஸ், கடைக்காரர் கொடுத்தது 415 வோல்ட் காயில். இழுக்கவே இல்லை, உறுமிக்கொண்டு நின்றது. மாற்றி 240 வோல்ட் வாங்கி வந்தோம். மறுபக்கம் தப்பியிருந்தால், அதாவது 240 காயிலை இரண்டு ஃபேஸுக்கு நடுவே கொடுத்திருந்தால், காயில் எரிந்திருக்கும்.

மோட்டார் அளவுக்கு மேல் கரன்ட் இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோட் ரிலேயை எலெக்ட்ரீஷியன் உச்சத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார். “அடிக்கடி டிரிப் ஆகித் தொந்தரவு பண்ணாதுங்க” என்றார். தொந்தரவு பண்ணுவதற்குத்தான் அது இருக்கிறது. மோட்டார் பிளேட்டில் எழுதியிருக்கும் ஆம்பியருக்கு இறக்கி வைத்தோம்.

அதைவிடப் பெரிய தவறு என்னுடையது. ஒயர் கிட்டே இருக்கிறதே என்று டிரில்லிங் ஸ்டார்ட்டரைத் தூணுக்குப் பின்னால் மாட்டச் சொன்னேன். மாட்டி முடித்ததும் அந்த ஹெல்பர் பையன் வந்து மெஷின் முன்னால் நின்று காட்டினான். இடது கை வேலையைப் பிடித்திருக்கிறது. வலது கை ஃபீட் பிடியில். ஒரு கை பிட்டில் மாட்டினால், இன்னொரு கை பிட்டைத் தாண்டிப் பின்னால் போய்ச் சிவப்புப் பட்டனைத் தேட வேண்டும். “அண்ணா, எப்படி?” என்றான். என்னிடம் பதில் இல்லை. ஸ்டார்ட்டரை முன்பக்கம் கொண்டுவந்து, தொடை உயரத்தில் ஒரு பெரிய காளான் தலைச் சிவப்புப் பட்டன் வைத்தோம். அழுத்தினால் அழுந்தியே நிற்கும், திருகி விடுவித்தால்தான் மறுபடி ஸ்டார்ட் ஆகும். கை இரண்டும் வேலையில் இருந்தாலும் தொடையால் இடிக்கலாம். தெரியாமல் இடித்து ஒரு நாளைக்கு இரண்டு தடவை மெஷின் நிற்கிறது. நிற்கட்டும்.

கம்ப்ரசருக்கு இந்த வைத்தியம் செல்லாது. அது பிரஷர் ஸ்விட்ச்சில் ஓடுவது. டேங்கில் அழுத்தம் இறங்கினால் தானே ஓட வேண்டும், அதுதான் அதன் வேலை. கரன்ட் இருக்கும்போதே யாரும் தொடாமல் எந்த நிமிடமும் ஓடும். எனவே அங்கே பெல்ட்டைச் சுற்றி முழுக் கூண்டுதான் வழி. கூண்டு ஏற்கெனவே உண்டு, சுவரில் சாய்ந்து நின்றது. விசாரித்தால், ஆயுத பூஜைக்குக் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்த பிறகு யாரும் திரும்ப மாட்டவில்லை. எங்கள் பட்டறையில் கார்டுகள் (மெஷின் மறைப்புகள்) காணாமல் போகிற நாள் எது என்று கேட்டால் அந்த நாள்தான். இப்போது எல்லா கார்டுகளுக்கும் உள்பக்கம் ஆரஞ்சுப் பெயின்ட் அடித்திருக்கிறோம், கூண்டுக்குள் மறையும் புல்லிகளுக்கும் சேர்த்து. மூடியிருந்தால் பச்சை, திறந்திருந்தால் ஆரஞ்சு. தமிழ், ஒடியா, ஹிந்தி எதுவும் படிக்கத் தேவையில்லை.

கரன்ட் பற்றி இன்னொன்று. தெருக் கம்பத்தில் எப்போதாவது வேலை நடந்து ஃபேஸ் மாறி வந்தால் மூன்று ஃபேஸ் மோட்டார்கள் எல்லாம் தலைகீழாகச் சுற்றும். எங்கள் பழைய லேத்தில் சக் மரையில் திருகி நிற்பது. தலைகீழாகச் சுற்றினால் அது தன்னைத்தானே கழற்றிக்கொள்ளும். சுற்றும்போது கழன்று வரும் சக்கைப் பிடிக்க எந்த ஆளாலும் முடியாது. பேனலில் ஃபேஸ் வரிசை பார்க்கும் ரிலே ஒன்று போட்டோம். வரிசை தப்பினால் எதுவுமே ஸ்டார்ட் ஆகாது.

ஸ்டார்ட்டர் போட்டாயிற்று, இனி கரன்ட் இல்லாதபோது கையை விடலாம் என்று நினைக்கக் கூடாது என்பதால் பூட்டும் வாங்கினோம். சுத்தம் செய்ய, பிரஸ்ஸின் டையை (வெட்டும் அச்சை) மாற்ற, பெல்ட் போட என்றால் மெயின் ஐசோலேட்டரை இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்கிறவர் தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. இன்னொரு சாவி என் டிராயரில் இருந்தது. முதல் வாரத்திலேயே அவசரம் என்று ஒருத்தர் வந்து கேட்டார். அன்று மாலையே அதை வெட்டிப் போட்டேன்.

டிரில்லிங்கின் சுருளுக்கு இன்னும் நல்ல வழியைச் சொன்னது மூத்த டர்னர். ஒரே அழுத்தாக அழுத்தித் துளை போட்டால்தான் நீளச் சுருள் வந்து பிட்டைச் சுற்றும். விட்டு விட்டு இறக்கினால் துண்டு துண்டாக உடைந்து விழும், கையே போகத் தேவையில்லை. இரண்டு வருடமாகக் கையுறை கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவில்லை. மீதிச் சுருளுக்குக் கம்பியில் கொக்கி செய்தோம். முதலில் செய்த கொக்கியின் பிடி வளையமாக இருந்தது. விரலை வளையத்துக்குள் விட்டால், கொக்கி மாட்டும்போது விரலும் கூடப் போகும். நேர்ப் பிடியாக மாற்றினோம்.

கிரைண்டர்

அடுத்தது பெஞ்ச் கிரைண்டர். 200 மி.மீ. வீல், 2,850 சுற்று. வீலின் விளிம்பு நொடிக்கு ஏறக்குறைய 30 மீட்டர் வேகத்தில் போகிறது. கணக்குப் போட்டால் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் ஒரு துண்டு உடைந்தால் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

வேலையைத் தாங்கும் டூல் ரெஸ்டுக்கும் வீலுக்கும் நடுவே 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், 12. அந்த இடைவெளியில் சின்ன வேலை எதையும் வீல் கீழே இழுத்துக்கொண்டு போகும். ஒன்று வீல் உடையும், இல்லை பிடித்திருந்த விரலும் கூடப் போகும். மேலே இருக்கும் நாக்குத் தகட்டின் இடைவெளி 6 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், எங்கள் மெஷினில் தகடே இல்லை. ரெஸ்ட்டின் போல்ட்டை யாரோ வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தார்கள், எனவே நகர்த்தவும் முடியாது. வெட்டி எடுத்து, புது போல்ட் போட்டு, நாக்குத் தகட்டை 3 மி.மீ. ஷீட்டில் செய்து மாட்டினோம்.

வீலையும் மாற்றினோம். ஸ்டோரில் மூன்று புது வீல் இருந்தது. மாட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் நடு ஓட்டையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் மரப்பிடியால் லேசாகத் தட்டினேன். இரண்டு ‘டிங்’ என்றது. ஒன்று ஓட்டைப் பானை மாதிரி ‘டொக்’ என்றது, உள்ளே விரிசல். அதைச் சுத்தியலால் உடைத்தே குப்பையில் போட்டேன். முழுதாகப் போட்டால் மறுநாள் யாராவது எடுத்து மாட்டுவார்கள், எங்கள் ஆட்கள் எதையும் வீணாக்க மாட்டார்கள். நல்ல இரண்டில் ஒன்றில் லேபிளே இல்லை. எவ்வளவு சுற்று தாங்கும் என்று தெரியாத வீலை மாட்டக் கூடாது, அதுவும் உடைந்தது. ஸ்டோர் பையனுக்கு மனசே இல்லை.

மிச்சமிருந்த ஒன்றை, இரண்டு பக்கமும் அட்டை வாஷர் வைத்து, நட்டை அளவாக இறுக்கி, பக்கவாட்டில் நின்றுகொண்டு ஒரு நிமிடம் சும்மா ஓட விட்டோம். அட்டை வாஷர் அலங்காரத்துக்கு இல்லை. வீலை இரு பக்கமும் இறுக்கும் ஃபிளேன்ஜின் அழுத்தம் கல்லின் மேல் சீராகப் பரவ அதுதான் வேண்டும்.

கண்ணாடி பற்றி ஒரு குட்டிக் கதை. கிரைண்டரின் முகக் கண்ணாடியை எல்லோரும் மேலே தள்ளிவிட்டு வேலை செய்கிறார்கள் என்று நான் வருடக்கணக்கில் திட்டியிருக்கிறேன். அன்று அதைக் கீழே இறக்கி அதன் வழியாகப் பார்த்தேன். பொறி பட்டுப் பட்டு மார்கழிப் பனி மாதிரி இருந்தது. வேலையே தெரியவில்லை. சில நூறு ரூபாயில் புது பாலிகார்பனேட் ஷீட் வெட்டிப் போட்டோம். அதற்குப் பிறகு ஒருவரும் மேலே தள்ளவில்லை, நானும் திட்டவில்லை.

பிரஸ்

அதிக நாள் ஆனது இதற்குத்தான். 20 டன், கால் பெடல், சுற்றும் கனச் சக்கரமான ஃபிளைவீலைப் பிரஸ்ஸோடு கோக்கும் கீ கிளட்ச். கீ கிளட்ச் ஒரு தடவை பிடித்துவிட்டால் முழுச் சுற்றுப் போய்த்தான் விடும். பாதியில் நிறுத்த வழியே இல்லை. கீயோ அதன் ஸ்பிரிங்கோ தேய்ந்திருந்தால், பெடலைத் தொடாமலேயே இரண்டாவது தடவையும் இறங்கும்.

முதலில் முதலாளிக்கும் எனக்கும் தோன்றியது இரண்டு கைப் பட்டன். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் டைக்குள் எப்படிப் போகும்? பக்கத்துத் தெருப் பட்டறை ஒன்றில் வைத்திருந்தார்கள், போய்ப் பார்த்தேன். ஒரு பட்டனைச் சைக்கிள் டியூப் ரப்பரால் கட்டிவைத்துவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டிருந்தார் ஒருவர். ஒவ்வொரு தடவையும் இரண்டையும் விட்டு மறுபடி ஒன்றாக அழுத்தினால்தான் ஓடும்படி சர்க்யூட் போட்டால் இந்தத் தந்திரம் பலிக்காது. ஆனால் எங்கள் மாதிரிக் கிளட்ச்சில் அதுவும் போதாது. பட்டனை விட்டு, பீஸை எடுக்கக் கையை உள்ளே விட்ட பிறகு இரண்டாவது தடவை இறங்கினால் பட்டன் என்ன செய்யும்? கை உள்ளே போகவே முடியாத கூண்டு ஒன்றுதான் இதற்குப் பதில் சொல்லும்.

கம்பி வைத்துக் கூண்டு செய்தோம், தகடு போக மட்டும் 6 மி.மீ. இடுக்கு. விரல் நுழையாது. மாட்டியதும் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“ஏனுங் தம்பி, இதைப் போட்டா என் கை எப்படி உள்ள போகும்?”

“போகக் கூடாதுன்னுதானுங்கக்கா.”

“அப்ப பீஸை யார் எடுப்பா, உங்க முதலாளியா?”

நியாயமான கேள்வி. அன்று மணிக்கு 900 வந்த இடத்தில் 550 வந்தது. அடுத்த நாள் அக்கா கூண்டின் பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டினார். நான் திட்டப் போய், பாதி வழியில் நின்றேன். கிரைண்டர் கண்ணாடி ஞாபகம் வந்தது. கூண்டு வேலைக்கு இடைஞ்சலாக இருந்தால் அது நிற்காது.

அக்காவையே பக்கத்தில் உட்கார வைத்து மாற்றினோம். டைக்குப் பின்னால் சரிவாக ஒரு தகட்டுச் சறுக்கு, சின்னதாக ஒரு ஏர் ஜெட். பீஸ் தானே வழுக்கி டப்பாவில் விழும். முன்னால் தகட்டுக்கு ஒரு வழிகாட்டி, கடைசித் துண்டைத் தள்ள ஒரு பித்தளைக் குச்சி. இரும்புக் குச்சி டைக்குள் மாட்டினால் டை போகும், பித்தளை என்றால் குச்சி மட்டும் நசுங்கும். கால் பெடலுக்கு மேலே ஒரு கூரை, ஏதாவது விழுந்து பெடல் அழுந்தாமல் இருக்க. பின் கதவை போல்ட் போட்டு மூடினோம். பத்து நாளில் மணிக்கு 820 வந்தது. 900 வரவில்லை. முதலாளி கேட்டார், வராதுங்க என்றேன். கிளட்ச்சின் கீயையும் ஸ்பிரிங்கையும் கழற்றிப் பார்த்தோம், கீயின் விளிம்பு மழுங்கியிருந்தது. இரண்டும் புதிதாகப் போட்டோம்.

டை மாற்றும்போது கவனிக்க வேண்டியது ஃபிளைவீல். மோட்டாரை நிறுத்தினாலும் அது பாட்டுக்குச் சுற்றும். போன் வைத்து அளந்தேன், முழுதாக நிற்க 1 நிமிடம் 50 விநாடி. அதுவரை பெடல் உயிரோடுதான் இருக்கிறது. இப்போது ஃபிளைவீல் நின்றதைக் கண்ணால் பார்த்து, பூட்டுப் போட்டு, மேலிருந்து இறங்கும் ஸ்லைடுக்கு அடியில் முட்டுக்கட்டை வைத்த பிறகுதான் கை.

மீதி

மற்றவை சீக்கிரம் முடிந்தன. கரன்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்க பேனலில் இருந்த 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தினேன், இறங்கவில்லை. எத்தனை மாதமாகச் செத்துக் கிடந்ததோ. மாற்றி, மாதம் ஒரு தடவை அழுத்திப் பார்க்கிறோம். சாக்கெட்டில் தீக்குச்சி செருகி ஒயரை நிறுத்தும் பழக்கத்துக்கு மருந்து, ஒரு டப்பா நிறைய பிளக் டாப் வாங்கி வைத்ததுதான். கிடைக்காததால்தான் தீக்குச்சி. ஆக்சிஜன் சிலிண்டரைச் சங்கிலியில் கட்டி, ரெகுலேட்டரை எண்ணெய்க் கையால் தொடக் கூடாது என்று சொன்னேன், அழுத்தமான ஆக்சிஜன் பட்டால் கிரீஸே தீப்பிடிக்கும். கம்ப்ரசர் டேங்கின் அடி வால்வைத் திறந்தால் அரை வாளி செந்நீர் வந்தது, உள்ளே துரு. இப்போது தினமும் வடிக்கிறோம், டேங்கைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டியது பாக்கி.

சக் கீக்கு ஸ்பிரிங் போட்டோம். கையை எடுத்தால் தானே துள்ளி விழும், சக்கில் நிற்காது. மூத்த டர்னர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. “இருபத்தஞ்சு வருசமா ஓட்டறேன், எனக்கு ஸ்பிரிங்கா?” சக்கைக் கையால் நிறுத்துவதை மட்டும் இன்னும் விடவில்லை அவர். பிரேக் போட விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ஏர் கன்னால் சட்டை ஊதுவதையும் நிறுத்த முடியவில்லை. அழுத்தத்தை ரெகுலேட்டரில் குறைத்து, பக்கத்தில் பிரஷ் தொங்கவிட்டிருக்கிறேன். பிரஷ் அப்படியே புதிதாக இருக்கிறது.

போர்டு இருந்த இடத்தில் இப்போது டிரில்லிங் மெஷின்மேல் படம் மட்டும்: கையுறை, குறுக்கே சிவப்புக் கோடு. தகடு தூக்கும் இடத்தில் கோடு இல்லாத கையுறைப் படம்.

மூன்று வாரம் கழித்துக் கிரைண்டரில் மறுபடி ஸ்கேல் வைத்தேன். 5 மி.மீ. யாரும் எதுவும் செய்யவில்லை, வீல் தேயத் தேய இடைவெளி தானே பெரிதாகிறது. ஸ்கேலை வைத்து அளக்க யாருக்கும் பொறுமை இருக்காது. 3 மி.மீ. ஷீட்டில் ஒரு துண்டு வெட்டிச் சங்கிலியில் கட்டிக் கிரைண்டர் பக்கத்தில் தொங்கவிட்டேன். துண்டு இடுக்கில் தாராளமாகப் போனால் ரெஸ்டை நகர்த்து, அவ்வளவுதான். நான்கே நாளில் துண்டைக் காணவில்லை. தேடினால், ஹாக்சாவின் வைஸுக்கு அடியில் உயரம் சரிசெய்யும் ஷிம்மாகக் கிடந்தது. அளவு சரியாக இருந்ததாம். இரண்டாவது துண்டைச் சங்கிலியோடு சேர்த்து வெல்டிங் வைத்துவிட்டேன்.